சுரமும் சுனையும்

வேலூர்ப் பக்கத்து வீடுகளில் விருந்தாளி துண்டைத் தோளில் போட்டதும் உள்ளிருந்து ஒரு குரல் வரும்: “சுடுதண்ணி வேணுமா, பச்சத்தண்ணி போதுமா?” மே மாதத்தில் அந்தக் கேள்விக்கு வேலை இல்லை. மொட்டைமாடித் தொட்டி பகலெல்லாம் காய்ந்து கிடக்கும். குழாயைத் திறந்தால் வெந்நீர்தான் கொட்டும். கத்திரி வெயிலில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டுகிற ஊர் இது.

கேள்வியில் உள்ள முதல் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். சுடு, தண், நீர். தண் என்றால் குளிர்ச்சி. தண்பொருநை, தண்டமிழ், தண்ணளி எல்லாவற்றிலும் அந்தக் குளிர்ச்சி இன்னும் உயிரோடு இருக்கிறது. அப்படியானால் சுடுதண்ணீர் என்பது ‘சுடுகின்ற குளிர்ந்த நீர்’. சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் இதில் ஒரு முரணும் தட்டுவதில்லை. தண்ணீர் என்ற கூட்டுச்சொல் நீர் என்ற தாய்ச்சொல்லை எப்போதோ விழுங்கிவிட்டது. பேச்சுத் தமிழில் இப்போது ‘நீர்’ தனியாக நடமாடுவது குறைவு. நீர்மோரிலும் கண்ணீரிலும் ஒண்டிக்கொண்டிருக்கிறது.

அண்டை மொழிகளில் கதை வேறு. கன்னடத்தில் தண்ணீரு என்றால் இன்றும் குளிர்ந்த நீர்தான், சூடானது பிசிநீரு. தெலுங்கில் சன்னீள்ளு, வேன்னீள்ளு என்று இரண்டும் இணையாக நிற்கின்றன. மலையாளம் நம்முடைய வெள்ளத்தை எடுத்துக் குடிநீருக்கே வைத்துவிட்டது. தமிழ் மட்டும் குளிர்ந்த நீரின் பெயரை எல்லா நீருக்கும் கொடுத்தது. நீர் என்றால் தணுப்பு என்று வைத்துக்கொண்டு, சூடாக இருந்தால் மட்டும் தனியாகச் சொன்னால் போதும் என்று விட்டுவிட்டது. வெயில் நாட்டில் வளர்ந்த மொழி இப்படிச் செய்ததில் எனக்கு வியப்பில்லை.

பச்சத்தண்ணியையும் விட்டுவிடக் கூடாது. அடுப்பு ஏறாத நீர் பச்சைத் தண்ணீர். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் டேனரி வாசலில் வண்டியிலிருந்து இறங்குவது பச்சைத் தோல். நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பச்சைக் குழந்தை, பச்சை மண், பச்சைப்பொய் என்று பதம் பார்க்கப்படாத எதற்கும் தமிழ் இட்டுவைத்த அடைமொழி அது.

வெந்நீர் ஊற்று என்று நாம் சொல்வதும் இதே வழியில் பிறந்ததுதான். ஆறு, அருவி, குளம், ஏரி, கேணி, பொய்கை, மடு, கயம், வாவி, கூவல் என்று நீர்நிலைக்கு இத்தனை தனிச்சொல் வைத்திருக்கிற மொழி, மண்ணுக்குள்ளிருந்து சூடாக வரும் நீருக்கு மூன்று சொல்லைத் தைத்துத்தான் பெயர் கட்டியது. வெம்மை, நீர், ஊற்று. பார்த்திராத பொருளுக்குப் பெயர் கட்டும் முறை இது. பார்த்தவர்கள் ஈழத்தில் இருந்தார்கள். திருகோணமலைக்கு அருகே கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் உண்டு. அடுத்தடுத்து இருந்தும் ஒவ்வொன்றின் சூடும் ஒவ்வொரு மாதிரி. இராவணன் தாயின் ஈமக்கடனுக்காக வாளால் தரையைக் குத்த நீர் பீறிட்டது என்பது அங்கே வழங்கும் கதை. இறந்தவர்களுக்குக் கடன் செய்ய இன்றும் அங்கே போகிறவர்கள் இருக்கிறார்கள். கதை எதுவானாலும், ஈழத்தார் அந்த இடத்துக்கும் வெந்நீரையே அடைமொழியாக்கினார்கள். புதிய வேர்ச்சொல் பிறக்கவில்லை.

நமக்கு இன்னும் கிட்டத்தில் ஒன்று தென்கன்னட மாவட்டம் புத்தூர் வட்டத்தில் இருக்கிறது. பெயர் பெந்த்ரு தீர்த்தம். துளுவில் பெந்த்ரு என்றால் சூடான நீர். நம் வகரத்துக்கு அங்கே பகரம் வரும் என்பது தெரிந்தால் பெயரின் முகம் உடனே தெரிந்துவிடும்: நம் வெந்நீரின் உடன்பிறப்பு. இந்தியாவில் வெந்நீர் ஊற்றுகள் முந்நூறுக்கு மேல் உண்டு. பெரும்பாலும் இமயத்தின் மணிகரண், பத்ரிநாத் பக்கமும், மேற்குக் கடற்கரையில் வஜ்ரேஸ்வரி பக்கமும், வங்கத்து பக்ரேஸ்வர், பீகாரின் ராஜகிருகம், ஒடிசாவின் அத்ரி போன்ற இடங்களிலும். அவற்றுக்கு எரிமலை வேண்டியதில்லை. மழைநீர் நிலத்தின் பிளவு வழியே ஆழமாக இறங்க வேண்டும். ஒரு கிலோமீட்டர் இறங்கினால் சுமார் 25 முதல் 30 டிகிரி வரை சூடேறும். ஆறுவதற்குள் வேறொரு பிளவு வழியே மேலே வந்துவிட வேண்டும். வேலூர்க் குன்றுகளின் சுனைகளில் நடப்பது அதற்கு நேர் எதிர். மழைநீர் பாறையின் மேல்வெடிப்பிலும் குழிவிலும் தங்குகிறது, கசிகிறது, ஆழம் போவதில்லை. ஆகவே ஆறியே இருக்கிறது. இங்கே சூடு முழுவதும் பாறையின் முதுகில்.

அந்தச் சூட்டுக்குத் தமிழில் பழைய பெயர் ஒன்று உண்டு: சுரம்.

சங்கப் பாட்டில் தலைவன் பொருள் தேடிப் போகும் வழி சுரம். நிழலில்லாத, நீரற்ற, கள்ளர் பதுங்கும் மலைவழி. கேரளத்தில் அந்தச் சொல் வேறு விதமாகப் பிழைத்துக்கொண்டது. மலையைக் கடக்கும் கணவாய் அங்கே சுரம். தாமரச்சேரிச் சுரத்தில் இன்று பேருந்து ஏறுகிறவர்களுக்குப் பாலையின் நினைவு வர வாய்ப்பே இல்லை, அவ்வளவு பச்சை, அவ்வளவு மழை. வழி என்ற பொருள் நின்றது, வறட்சி கழன்றது.

இரண்டாவது சுரம் காய்ச்சல். வடமொழி ஜ்வரம் தமிழ் உடுத்தி வந்த வடிவம். மூன்றாவது சுரத்தல். பால் சுரக்கும், ஊற்று சுரக்கும், அருள் சுரக்கும். வறண்ட வழிக்கும் உடம்புச் சூட்டுக்கும் நீர் பெருகுவதற்கும் ஒரே ஒலி. சொல்லாராய்ச்சியில் ஆசை மிகுந்தவர்கள் இந்த மூன்றையும் ஒரே வேரில் கட்டிவிடுவார்கள். ‘வறட்சியின் உள்ளேதான் ஊற்று’ என்று மேடைக்கு அழகான வாசகமும் கிடைத்துவிடும். காய்ச்சல் வந்தது வடக்கிலிருந்து. மற்ற இரண்டும் நம்முடையவை, ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று காட்ட ஒலி ஒற்றுமை மட்டும் போதாது. மூன்றும் ஒரே ஊரில் அடுத்தடுத்த வீட்டில் குடியிருப்பதால் ஒரே குடும்பம் ஆகிவிடாது.

ஆனால் அடுத்தடுத்து இருந்ததன் விளைவுகள் உண்டு. அதற்கு வள்ளிமலைக்குப் போக வேண்டும்.

காட்பாடியிலிருந்து வடக்கே, ஆந்திர எல்லையை ஒட்டி, பொன்னையாற்றங்கரை மேல்பாடிக்கு அருகே இருக்கிறது வள்ளிமலை. தூரத்திலிருந்து பார்த்தால் உருண்டைப் பாறைகளைக் கொட்டிவைத்த மாதிரி மொட்டைக் குன்று. கிட்டப் போனால் இடுக்குகளில் முள்மரமும் புதர்க்காடும். முருகன் வள்ளியைக் கண்டது இங்கேதான் என்பது தொண்டை நாட்டின் உரிமை. கதிர்காமத்தார் இதை ஒப்பமாட்டார்கள். அது அவர்கள் வழக்கு. காஞ்சிபுரத்துக் கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணத்தில் வள்ளி கதையைத் தொண்டை நாட்டு மலையில்தான் நடத்துகிறார். வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கிடந்த குழந்தை என்பதால் வள்ளி. கதை அப்படிச் சொன்னாலும் எனக்கென்னவோ மலையில் கொடி முந்தி, பெண் பிந்தி என்றுதான் படுகிறது. பறம்பு மலை பற்றிக் கபிலர் புறநானூற்றில் சொல்லும்போது, உழவர் உழாமல் மலை தானே தரும் நான்கில் ஒன்றாக வள்ளிக்கிழங்கை வைக்கிறார். மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன். கிழங்கும் தேனும் தினையும் உள்ள மலையில் குறவர் மகளுக்கு அந்தப் பெயர் வர வேறு காரணம் தேவையில்லை. இன்றும் கோயிலில் பிரசாதம் தேனும் தினைமாவும்தான்.

அந்தத் தினைமாவில்தான் சுனையின் கதை தொடங்குகிறது. கிழவன் வேடத்தில் வந்த முருகனுக்கு வள்ளி தேனும் தினைமாவும் கொடுக்க, அவருக்கு விக்கல் எடுக்கிறது. தண்ணீர் கேட்கிறார். அவள் சுனையைக் காட்டுகிறாள். தாகம் தீர்ந்ததும் மோகத்தையும் தீர்க்கச் சொல்கிறார் கிழவர், அவள் சினக்கிறாள், அண்ணன் பிள்ளையார் யானையாக வருகிறார். வள்ளிமலையில் யானை உருவப் பாறையையும் காட்டுவார்கள், அந்தச் சுனையையும் காட்டுவார்கள். சுனையின் பெயர்: சூரியன் காணாத சுனை.

படியேறி மூச்சு வாங்க நின்றிருந்தபோது மோர் விற்ற அம்மாவிடம் கேட்டேன்.

“அந்தச் சொனையில தண்ணி கீதாம்மா?”

“கீது கண்ணு. வெயிலே படாத எடம், எங்க போயிடும்?”

பெயருக்கு இதைவிடச் சுருக்கமான உரை எந்த அகராதியிலும் கிடைக்காது. ஆனால் பெயரின் இலக்கணம் அந்த உரையைவிடச் சுவையானது. சூரியன் காணாத சுனை என்பதில் காணாதது யார்? ‘சூரியனைக் காணாத சுனை’ என்று கொண்டால் பார்ப்பது சுனை. ‘சூரியன் பார்க்காத சுனை’ என்றால் பார்ப்பவன் சூரியன். உயர்திணைப் பெயரில் ‘ஐ’ உருபு எளிதில் தொகாது. ‘முருகன் கண்ட வள்ளி’ என்றால் கண்டவன் முருகன்தான். ஆகவே தமிழ் கேட்ட காது இங்கே சூரியனைத்தான் எழுவாயாக எடுத்துக்கொள்ளும். எங்கும் நுழைந்து பார்க்கும் ஒருவன் இங்கே மட்டும் தோற்றிருக்கிறான். வடமொழி இலக்கணத்தில் அரண்மனைப் பெண்களுக்கு அசூர்யம்பச்யா என்று ஒரு சொல் உண்டு, சூரியனைப் பார்க்காதவர்கள். அங்கே பார்க்காதது பெண்கள். வள்ளி தினைப்புனத்தில் பரண் மேல் நின்று கவண் எறிந்தவள்; சூரியன் அவளை நாள் முழுக்கப் பார்த்திருப்பான். பார்க்காதது அவள் தண்ணீர் எடுத்த இடத்தை மட்டும்.

இங்கே இன்னொரு கண்ணும் இருக்கிறது. ஊற்று கிளம்பும் துளைக்குத் தமிழில் ஊற்றுக்கண் என்று பெயர். கிணறு தூர் வாருகிறவர்கள் “கண்ணு அடச்சிக்கிச்சு” என்பார்கள். வாணியம்பாடிக் கடைத்தெருவில் உருதுக்காரர்களைக் கேட்டால் சஷ்மா என்பார்கள். மூக்குக் கண்ணாடிக்கும் அதுதான், மலை ஊற்றுக்கும் அதுதான். பாரசீகத்தில் சஷ்ம் என்றால் கண். அரபியில் ஐன் என்ற ஒரே சொல் கண்ணையும் ஊற்றையும் குறிக்கும். ஒருவரிடமிருந்து மற்றவர் கடன் வாங்கியதாகத் தெரியவில்லை. வறண்ட நிலத்தில் ஈரமாக மினுங்கும் சிறு வட்டத்தைக் கண்டவர்கள் எல்லாரும் அதைக் கண் என்றே சொல்லியிருக்கிறார்கள்.

சுனை என்ற சொல்லுக்கு வருவோம். ஊற்றின் பிறப்பு வெளிப்படை: ஊறுவது ஊற்று. ஊறுகாய், வாயூறுதல், தோலை ஊறப்போடுதல் எல்லாம் அந்தக் குடும்பம். பேரணாம்பட்டு மலைப்பக்கம் காவல்துறை அழிக்கும் ‘ஊறல்’ கூட அந்த வழிதான். நாளிதழ்களில் இந்த வேர்ச்சொல் அதிகம் அச்சேறுவது சாராயத்தால் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சுனையோ அவ்வளவு எளிதில் வாய் திறப்பதில்லை. கன்னடத்தில் பாறைக் குழியில் நிற்கும் நீருக்கு தொணெ, தெலுங்கில் தொன. பொருள் அச்சாக ஒன்று, ஒலியும் பக்கத்தில் வருகிறது. உறவு சொல்லத் தோன்றும். சகரமும் தகரமும் இப்படி மாறும் வேறு சொற்கள் வரிசையாகக் கிடைத்தால்தான் நான் ஒப்புவேன். பேச்சில் சுனை சொனையாகும்போது மாங்காய்க் காம்பில் கசியும் பாலும் அதே பெயரில் வந்து நிற்கிறது. “சொனை பட்டா வாய் வெந்துடும்” என்று கிருஷ்ணகிரி மாந்தோப்புகளில் சொல்வார்கள். இலையிலும் மூங்கிலிலும் உள்ள அரிக்கும் நுண்மயிர் சுணை. தூறல் மழை சோனை. இவற்றை வைத்து ஒரு மாலை கட்டுவது பொழுதுபோக்குக்கு நல்லது, வரலாறாகாது.

சொல்லின் பிறப்பு மங்கலாக இருந்தாலும் அதன் புழக்கம் தெளிவாக இருக்கிறது. இறையனார் அகப்பொருளுக்கு நக்கீரர் பெயரில் வழங்கும் உரை ஐந்திணைக்கும் நீர் வகுக்கிறது. குறிஞ்சிக்கு அருவியும் சுனையும். முல்லைக்குக் கான்யாறு. மருதத்துக்கு ஆறு, மனைக்கிணறு, பொய்கை. நெய்தலுக்கு மணற்கிணறும் உவர்க்குழியும். பாலைக்கு அறுநீர்க் கூவலும் சுனையும். அறுநீர் என்றால் வற்றிப்போகிற நீர். கவனிக்க வேண்டியது இதுதான்: ஐந்தில் சுனை இரண்டு திணைகளுக்குச் சொந்தம். மழையுள்ள மலைக்கும் அதே சொல், காய்ந்த மலைக்கும் அதே சொல்; இடையில் ‘அறுநீர்’ என்ற அடைமொழிதான் வேறுபாடு. கார்த்திகையில் குறிஞ்சியாக இருக்கும் வள்ளிமலை சித்திரையில் பாலை. சூரியன் காணாத சுனை என்ற பெயரும் ஓர் எதிர்மறை அடைமொழியால் ஆனதுதான். ‘இது அறுநீர்ச் சுனை இல்லை’ என்பதைக் குறவர் மொழியில் சொல்லியிருக்கிறார்கள்.

பறம்பைப் பாடிய கபிலர் மலையை வானத்தோடும் அதன் சுனைகளை விண்மீன்களோடும் ஒப்பிட்டார். மூவேந்தர் முற்றுகையில் மலை தாக்குப்பிடித்ததற்கு அவர் சொல்லும் காரணங்களில் அந்தச் சுனைகளும் சேர்ந்தே இருக்கின்றன. முற்றுகைக்கு அஞ்சாத இன்னொரு கூட்டமும் சுனைகளைத் தேடி அலைந்தது: சமணத் துறவிகள். சித்தன்னவாசலில் நவச்சுனை, வள்ளிமலையிலும் சமணக் குகை. அங்கே பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்களுக்கு அருகே கங்க மன்னன் இராசமல்லன் அந்தப் பள்ளியை ஏற்படுத்தியதைச் சொல்லும் கன்னடக் கல்வெட்டு உண்டு. ஆக, தொணெ என்று சொன்னவர்களும் சுனை என்று சொன்னவர்களும் அந்தப் பாறையில் ஒரே நீரைக் குடித்திருக்கிறார்கள். துறவிகள் போனபின் வெகுகாலம் கழித்து மைசூரில் சமையல் வேலை பார்த்த ஒருவர் திருப்புகழ் பைத்தியம் பிடித்து இங்கே வந்து தங்கினார். வள்ளிமலைச் சச்சிதானந்த சுவாமிகள் என்று நாடு அறியும். 1950இல் மறைந்தார். திருத்தணியில் ஆங்கிலப் புத்தாண்டுக்குப் படித்திருவிழா தொடங்கியவர் அவர்தான்.

மலையிலிருந்து இறங்கினால் பொன்னையாறு. சித்தூர்ப் பக்கமிருந்து வருகிறது. பழைய பெயர் நீவா. அதன் கரையில்தான் சம்பந்தர் பாடிய திருவல்லம். கோயில் கதையின்படி முற்காலத்தில் அபிஷேக நீர் பக்கத்துக் காஞ்சனகிரி மலையிலிருந்து வர வேண்டியிருந்தது. கஞ்சன் என்ற அசுரன் நீர் எடுக்கப் போன அர்ச்சகரை வதைத்தான். நந்தி போய் அவனைக் கிழித்தது. அவன் திரும்பி வருகிறானா என்று பார்க்க நந்தி இன்னும் இறைவனுக்கு முதுகைக் காட்டி வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. பிறகு இறைவன் ஆற்றைப் பார்த்து “நீ வா” என்றார், அது வந்தது, அதனால் நீவா.

சொல்லாராய்ச்சிக்காரனுக்கு இதைக் கேட்டால் சிரிப்பு வரும். ஆறு தெலுங்கு நாட்டில் பிறந்து வருகிறது. தெலுங்கில் நீவா என்றால் ‘நீயா?’ என்று பொருள். இறைவன் தமிழில் வா என்று அழைக்க, அது தெலுங்கில் யார் அழைப்பது என்று கேட்டுக்கொண்டே வந்திருக்க வேண்டும். ஆனால் சிரித்து முடித்தபின் ஒன்று உறுத்துகிறது. பொருள் தெரியாத ஒரு பெயருக்கு விளக்கம் தேடியவர்கள், எத்தனையோ வழி இருக்க, அதைத் தண்ணீரை அழைக்கும் குரலாகக் கேட்டிருக்கிறார்கள். மலையேறித் தண்ணீர் சுமந்தவர்களின் காது அது.

வேலூர்க் கோட்டைக்குள் நடந்தது இதைவிடப் பெரிய விந்தை. கோட்டைக் கோயிலின் இறைவன் இன்று ஜலகண்டேஸ்வரர். பெயருக்குக் காரணம் கேட்டால், லிங்கத்தைச் சுற்றி மழைநீர் தேங்கி நின்றது, நீரால் சூழப்பட்டதால் அந்தப் பெயர் என்பார்கள். கோட்டையைச் சுற்றி அகழி தளும்பிக்கொண்டிருக்கும்போது விளக்கம் நெஞ்சில் நன்றாகவே உட்காருகிறது. ஆனால் 1890இல் ஹுல்ஷ் வெளியிட்ட தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதியின் முதல் நூலைப் பிரித்தால் வேறு பெயர் கண்ணில் படும். 16ஆம் நூற்றாண்டில், விஜயநகரத்துச் சதாசிவராயர் காலத்தில், வேலூரை ஆண்ட சின்ன பொம்ம நாயக்கரின் கோயிலுக்கு ஊர்கள் கொடையாகக் கிடைத்ததைச் சொல்லும் கல்வெட்டுகளில் இறைவன் பெயர் ஜ்வரகண்டேஸ்வரர். ஜ்வரத்தைக் கண்டிப்பவர், காய்ச்சலைத் துண்டிப்பவர். காஞ்சிபுரத்தில் வட்ட விமானத்தோடு ஒரு சோழர் காலக் கோயில் உண்டு, ஜ்வரஹரேஸ்வரர், சுரத்தைப் போக்குபவர். வேலூர்ச் சாமியும் அதே துறையைச் சேர்ந்த வைத்தியர்தான்.

ஜ்வரம் எப்படி ஜலமானது? முதல் பாதிக்கு நாக்கு காரணம். ‘ஜ்வர’ என்று தொடங்குவது தமிழ் வாய்க்குச் சிரமம், ரகரமும் லகரமும் எப்போதும் இடம் மாறிக்கொள்ளும் ஜோடி. இரண்டாம் பாதிக்கு நம் எழுத்து காரணம். துண்டிப்பதும் கண்டம், கழுத்தும் கண்டம். வடமொழியில் இரண்டும் வேறு வேறு எழுத்து. தமிழில் ஒரே எழுத்து. நீலகண்டனில் கழுத்து, நவகண்டத்தில் துண்டு. வெட்டுகிறவர் கழுத்துடையவர் ஆவதற்கு ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. இந்த இரண்டு கதவும் திறந்திருந்தன என்பது மொழியின் செய்தி. திறந்த கதவு வழியே நெருப்போ நிழலோ நுழையாமல் நீர் நுழைந்தது ஊரின் செய்தி. சுரத்தின் பெயர் தாங்கிய சாமியை வேலூர் தண்ணீருக்கு மாற்றிக்கொண்டது.

‘ஆறுண்டு நீரில்லை, கோட்டையுண்டு அரசனில்லை, கோயிலுண்டு சாமியில்லை’ என்று வேலூரைக் கேலி செய்யும் வழக்கு ஒன்று இருந்தது. நெடுங்காலம் வெறுமையாகக் கிடந்த கருவறைக்கு 1981இல் லிங்கம் திரும்பி வந்தது. மூன்றில் ஒரு குறை நீங்கியது. முதல் குறைதான் தொடர்கிறது.

அந்த ஆறு பாலாறு. கர்நாடகத்தில் நந்தி மலைப்பக்கம் பிறந்து 348 கிலோமீட்டர் ஓடுகிறது, அதில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில். ஓடுகிறது என்பது மரியாதைச் சொல். மேலே மணல், கீழே நீர் என்பதுதான் அதன் பழைய சுபாவம். ஆகவே கரையோர ஊர்கள் ஆற்றில் அணை கட்டியதைவிட மணலுக்குள் வாய்க்கால் வெட்டி ஊற்றைத் திருப்பிக்கொண்டார்கள். ஊற்றுக்கால் என்று பெயர். ஊர்ப்பெயர்களிலும் அந்த ஈரம் ஒட்டியிருக்கிறது. திருப்பத்தூரைத் தாண்டினால் ஊத்தங்கரை, ஊற்றின் கரை. ஆம்பூரில் கிடைத்த, பல்லவன் நிருபதுங்கன் காலத்து நடுகற்கள் அந்த ஊரை ஆமையூர் என்கின்றன. இன்று அங்கே பிரியாணிதான் பேர் பெற்றது. ஆமை நடமாடிய நீரைப் பற்றிக் கேட்பாரில்லை.

வேலூர் என்ற பெயரில் வேலைத் தேடுகிறவர்கள் முருகனிடம் போவார்கள். வேல மரத்திலிருந்து வந்தது என்பது இன்னொரு விளக்கம், எனக்கு அதுவே பிடிக்கும். கருவேலம்பட்டையும் ஆவாரம்பட்டையும் தோல் பதனிடுகிறவர்களின் பழைய சரக்கு. வறண்ட மண்ணில் தானே முளைக்கும் பட்டை, பாலாற்று மணலடியில் சுத்தமான நீர், இரண்டும் சேர்ந்துதான் இந்தத் தொழிலை இங்கே அழைத்து உட்காரவைத்தன. பட்டை நீரில் தோல் ஊறியது வரை மண்ணுக்குப் பெரிய தீங்கில்லை. பின்பு குரோம் உப்பு வந்தது, தொட்டிகள் பெருகின, பச்சைத் தோலில் அப்பிவந்த உப்பெல்லாம் கழுவி ஆற்றில் விடப்பட்டது. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றம் வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் தந்த தீர்ப்பு இன்று சட்டக் கல்லூரிகளில் பாடம். ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் நீர் என்ற கணக்கும், ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ கெட்டது என்ற கணக்கும் அதில் இருக்கின்றன. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் வேர் பிடிக்க அது ஒரு முக்கியப் படி. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் அதே பாலாற்றுக்காக இன்னொரு தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது.

நக்கீரர் பெயரிலுள்ள அந்த உரைப்பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு இந்தக் கரையில் நடந்தால் குழப்பம் வரும். ஆறும் மனைக்கிணறும் உள்ள இது மருதமாக இருக்க வேண்டும். கிணற்று நீரை வாயில் வைத்தால் கரிக்கிறது. உவர்க்குழி நெய்தலுக்குரியது, கடல் இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால்.

மக்கள் அதற்குள் புதுப் பட்டியல் ஒன்று போட்டுக்கொண்டுவிட்டார்கள். ஆம்பூர் வீடுகளில் இப்போது போர் தண்ணி துணிக்கும் பாத்திரத்துக்கும், கேன் தண்ணி குடிக்க. போர் போட வருகிறவர் ஊற்றுக்கண் தேடுவதில்லை, பாயிண்ட் பார்க்கிறார். கிடைத்த நீரை இஞ்ச் கணக்கில் சொல்கிறார். மேட்டூர்ப் பக்கமிருந்து மலைகளைத் தாண்டிக் குழாயில் வரும் கூட்டுக் குடிநீர் தெருவுக்கு வந்ததும் குரல் கேட்கும்: “காவேரி வந்துடுச்சு, குடத்தை எடு.” பாலாற்றங்கரையில் நின்றுகொண்டுதான் சொல்கிறார்கள்.